நண்டின் கருவும் நீரின் உவர்ப்பும்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குச் செல்லும் சாலையின் இருமருங்கிலும் கரிசல் நிலம் கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து கிடக்கிறது. மழை பெய்தால் அம்மண் காலைப் பிடித்துக்கொள்ளும். வெயில் காய்ந்தால் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். இந்நிலத்தில் தோண்டிய கிணறுகளிற் பல, நீர் இருந்தும் இல்லாதவை போன்றவை. வாளியில் மொண்டு வாயில் வைத்தால் கரிக்கும். பருத்திக்குப் பாய்ச்சினால் பயிர் ஓரளவு தாங்கும். மிளகாய்க்குப் பாய்ச்சினால் இலை நுனி கருகும். நூலுக்குச் சாயம் தோய்ப்போரும் இந்நீரின் குணத்தை நன்கு அறிவர்.

இத்தகைய கிணறு ஒன்றை உடைய உழவர் ஒருவர் அண்மையில் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டார். கடற்கரையிலுள்ள உறவினர் ஊருக்குச் சென்றிருந்தபோது, களி நண்டுகளைக் கயிற்றால் கட்டி எடை போட்டு வாங்குவதை அவர் பார்த்திருக்கிறார். ஒரு பெரிய நண்டுக்குக் கொடுக்கப்படும் விலையைக் கேட்டு வியந்தும் இருக்கிறார். "எங்கள் கிணற்று நீரும் உப்புத்தானே, ஐயா? ஒரு குட்டை வெட்டி, இந்த நீரை நிரப்பி, சினை நண்டு நாலை வாங்கிவந்து விட்டால் குஞ்சு பொரித்துப் பெருகாதா? ஒரு நண்டுக்கு இலட்சக்கணக்கில் முட்டை என்கிறார்களே!" என்றார். குட்டை வெட்டும் செலவுக்காக வீட்டு நகையை அடகு வைக்கவும் எண்ணியிருந்தார்.

கேள்வி நியாயமானது. 'ஆகாது' என்று ஒரு சொல்லில் விடை சொல்லி அவரை அனுப்பிவிடலாம். ஆனால் ஏன் ஆகாது என்பதை அறியாத வரையில் அந்த விடையால் பயன் இல்லை. நாளை வேறு ஒருவர் வந்து 'ஆகும்' என்று சொன்னால் நகை அடகுக் கடைக்குப் போய்விடும். ஆகவே, நண்டின் முட்டைக்குள் நடப்பது என்ன, அதில் உப்புக்கு உள்ள வேலை என்ன என்பதைச் சற்று விரிவாகவே பார்ப்போம். இவ்விசாரணை கடல் நண்டோடு முடிவதன்று. நம் கண்மாய்க் கரையில் வளை தோண்டி வாழும் வயல் நண்டுக்கும் இதில் பங்கு உண்டு.

தாயின் மடலே தொட்டில்

நண்டைப் புரட்டிப் பார்த்தவர்கள், அதன் வயிற்றின் அடியில் வால் போன்ற மடல் ஒன்று மடிந்து ஒட்டியிருப்பதைக் கண்டிருப்பார்கள். ஆண் நண்டில் அது குறுகிக் கூராகவும், வளர்ந்த பெண் நண்டில் அகன்று வட்டமாகவும் இருக்கும். பெண் நண்டு முட்டைகளை நீரில் இட்டுவிட்டுப் போய்விடுவதில்லை. மடலின் உட்புறத்தில் மயிர் அடர்ந்த சிறு கால்கள் உள்ளன. முட்டைகள் அந்த மயிர்களில் குலை குலையாக ஒட்டிக்கொள்ளும். குஞ்சு வெளிவரும் வரையில் தாய் அவற்றைச் சுமந்து திரிகிறது. மடலை அடிக்கடி அசைத்துப் புதுநீர் படச் செய்கிறது. முட்டைகளில் அழுக்குப் படியாமல் கால் நுனியால் கோதிவிடுகிறது.

குஞ்சு பொரிக்கும் வேளையில் தாய் நண்டு வயிறு வெடித்து மடியும் என்று நம் பக்கத்தில் சொல்வது வழக்கம். நீதி நூலிலும் இது உவமையாக ஏறிவிட்டது. உண்மையில் தாய் அவ்வாறு மடிவதில்லை. மடல் விரிந்து அதனடியிலிருந்து குஞ்சுகள் திரளாக வெளிவருவதைக் கண்டவர்கள், வயிறே பிளந்ததாகக் கருதியிருக்க வேண்டும்.

கடல் நண்டின் முட்டை முதலில் மஞ்சளாகவோ செம்மஞ்சளாகவோ இருக்கும். நாளடைவில் பழுப்பாகி, பொரிக்கும் தறுவாயில் கறுத்துவிடும். இந்நிற மாற்றம் முட்டைக்குள் நடப்பதை வெளியே காட்டும் அடையாளமாகும். முட்டையிலுள்ள மஞ்சள் கரு, வளரும் கருவுக்குக் கட்டிக்கொடுத்த கட்டுச்சோறு. கரு அதைத் தின்றுகொண்டே வளர்கிறது. மஞ்சள் குறையக் குறைய, கருவின் கண்களும் உடற்புள்ளிகளும் கருமை கொள்கின்றன. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால், கறுத்த முட்டைக்குள் கண்கள் இரண்டும் தெரியும்; இதயம் துடிப்பதையும் காணலாம். பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் பிடிபடும் நீலக்கால் நண்டில் இந்த வளர்ச்சி முடிய, நம் நாட்டு வெப்பத்தில் ஏறத்தாழ 8 முதல் 10 நாள் ஆகும். களி நண்டுக்கு 10 முதல் 12 நாள் வரை ஆகும்.

முட்டையிலிருந்து வெளிவந்தவுடன் கடல் நண்டுக் குஞ்சு நண்டைப்போல் இருப்பதில்லை. முதுகில் முள்ளும் பெரிய கண்களும் கொண்ட, நீரில் மிதந்து அலையும் ஒரு துகள் அது. விஞ்ஞானிகள் இதனைச் சோயியா என்பர். களி நண்டு இந்நிலையிலேயே ஐந்து முறை உரு மாறுகிறது. நீலக்கால் நண்டு நான்கு முறை. பிறகு மெகலோபா என்னும் இடைநிலை ஒன்றைக் கடந்தே அது குட்டி நண்டாகும். இத்தனை கட்டங்களையும் கடலில் மிதந்துகொண்டே, கண்ட மீனுக்கெல்லாம் இரையாகாமல் தப்பிக் கடக்க வேண்டும். ஒரு களி நண்டு இருபது இலட்சத்துக்கு மேலும் முட்டை சுமப்பது இதனாலேதான். அவ்வளவும் நண்டாகும் என்று கணக்குப் போடுவது, மாம்பூவை எண்ணி மாம்பழத்துக்கு விலை பேசுவது போன்றதே.

வயல் நண்டின் வழி முற்றிலும் வேறு. அதன் முட்டைகள் சில நூறுக்கு மேற்படா. ஆனால் ஒவ்வொன்றும் கடுகினும் பெரியது. மஞ்சள் கரு நிறைந்தது. கடல் நண்டு நீரில் மிதந்து கழிக்கும் பருவங்களையெல்லாம் வயல் நண்டின் கரு முட்டைக்குள்ளேயே கழித்துவிடுகிறது. வெளிவரும்போதே அது எட்டுக் கால், இரு கொடுக்கு உடைய சிறு நண்டு. வெளிவந்த பின்னும் உடனே பிரிந்து ஓடாமல், சில காலம் தாயின் மடலுக்குள்ளேயே ஒண்டிக்கிடக்கும்.

மாவடு சொல்லும் பாடம்

இனி உப்புக்கு வருவோம். நம் வீட்டுப் பெண்டிர் மாவடு போடும்போது நடப்பதை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். வடுவைக் கழுவித் துடைத்து, உப்பிட்டுக் குலுக்கி, ஜாடியில் மூடி வைக்கிறார்கள். ஒரு சொட்டு நீரும் விடுவதில்லை. இரண்டு மூன்று நாள் சென்றபின் திறந்தால், ஜாடியில் நீர் நிற்கிறது; வடு சுருங்கியிருக்கிறது. அந்த நீர் எங்கிருந்து வந்தது? வடுவின் உள்ளிருந்தே வந்தது. இதற்கு மாறாக, உலர்ந்த திராட்சையை நல்ல நீரில் போட்டால் அது நீரைக் குடித்து உப்பிவிடும். மெல்லிய தோல் ஒன்று இடையே நிற்க, உப்பு முதலியன எந்தப் பக்கம் மிகுதியோ அந்தப் பக்கத்துக்கு நீர் நகர்ந்து செல்லும். இதைச் சவ்வூடு பரவல் என்று பாடநூல்கள் கூறுகின்றன.

நண்டின் முட்டையும் மெல்லிய சவ்வால் மூடிய ஒரு துளிதான். கடல் நண்டின் முட்டைக்குள் இருக்கும் உப்புச் செறிவு, தாய் வாழும் கடல் நீருக்கு ஏறத்தாழ ஒத்திருக்கும். அம்முட்டையை நல்ல நீரில் விட்டால், திராட்சைபோல் நீரை உறிஞ்சி ஊதிச் சிதையும். மிக உவர்ப்பான நீரில் விட்டால், மாவடுபோல் உள்நீரை இழந்து சுருங்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட நிலைகளில் உடனே சாவு நேராவிட்டாலும், கருவுக்கு ஓயாத வேலை வந்து சேர்கிறது.

அவ்வேலை இன்னதென்று விளங்கிக்கொள்வது முக்கியம். வளர்ந்த நண்டுக்குச் செவுள் இருக்கிறது. அது மூச்சு விடுவதற்கு மட்டுமன்று. உப்பை வேண்டியபோது உள்ளே இழுக்கவும், வேண்டாதபோது தடுக்கவும் பயன்படுகிறது. கருவுக்கு அத்தகைய செவுள் தொடக்கத்தில் இல்லை. தொடக்க நாட்களில் அதைக் காப்பது முட்டைச் சவ்வின் இறுக்கமே. நாள் செல்லச் செல்ல அந்த இறுக்கம் தளர்கிறது. முட்டை சிறிது சிறிதாக நீரை ஏற்றுப் பருக்கிறது. கருவின் உடலில் உப்பை நிறுத்திப் பிடிக்கும் உயிரணுக்கள் பின்னரே தோன்றுகின்றன. நீரின் உவர்ப்பு மாறிவிட்டால், வளர்ச்சிக்கென்று வைத்திருந்த கட்டுச்சோற்றில் ஒரு பங்கை உப்பைச் சரிக்கட்டும் வேலைக்குக் கரு செலவிட வேண்டியிருக்கிறது. குஞ்சு பொரிக்கலாம், ஆயினும் மெலிந்து பொரிக்கும்.

இது வெறும் ஊகமன்று. அர்ஜென்டினாக் கடற்கரையின் கழிமுகங்களில் வாழும் ஒரு சேற்று நண்டை வைத்து ஆராய்ந்தவர்கள், 2001-இல் வெளியிட்ட கட்டுரையில் இதைக் காட்டியிருக்கிறார்கள். குறைந்த உவர்ப்பில் வளர்ந்த கருக்கள் தம் உடற்பொருளை மிகுதியாக இழந்தன. அவற்றிலிருந்து வந்த இளவுயிரிகள் எடை குறைந்திருந்தன.

நம் நாட்டிலும் இத்துறை நெடுநாள் உழவு கண்டதே. சென்னைப் பல்கலைக்கழகத்தின் விலங்கியல் ஆராய்ச்சிக் கூடத்தில் பணியாற்றிய ஆர். கோபால ஐயரும் என். கே. பணிக்கரும், சென்னைக் கழிமுகங்களின் உவர்நீர் உயிர்களைப் பற்றி 1937-இல் விரிவான கட்டுரை எழுதினர். அவ்வுயிர்களின் இனப்பெருக்கத்தைப் பற்றி 1939-இல் மற்றொன்று எழுதினர். மழைக்காலத்தில் ஆற்று வெள்ளம் வந்து கழிமுகத்து நீர் நல்ல நீராவதும், கோடையில் அதே நீர் கடலினும் கரிப்பதும் நம் கடற்கரையில் ஆண்டுதோறும் காணும் காட்சி. அந்த ஏற்ற இறக்கத்துக்கு நடுவே உயிர்கள் எவ்வாறு பெருகுகின்றன என்பதே அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள். பணிக்கர் பிற்காலத்தில் மண்டபத்தில் இருந்த மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைவராகவும், பின்னர் கோவாவிலுள்ள தேசியக் கடலாய்வு நிலையத்தின் முதல் இயக்குநராகவும் விளங்கினார்.

களி நண்டின் கடற்பயணம்

களி நண்டு கழிமுகத்திலும் அலையாத்திக் காட்டுச் சேற்றிலும் வாழ்கிறது. மழை வெள்ளத்தில் லிட்டருக்கு 5 கிராம் உப்பே உள்ள நீரையும் தாங்கும். கோடையில் 40 கிராம் உள்ள நீரையும் தாங்கும். இத்தனை வலிமை உள்ள உயிர், முட்டையிடும் காலம் வந்ததும் என்ன செய்கிறது? தாய் நண்டு சேற்றை விட்டுப் புறப்பட்டுத் திறந்த கடலுக்குச் செல்கிறது. தான் தாங்குவதைத் தன் கரு தாங்காது என்பதால் இயற்கை அமைத்த ஏற்பாடு இது. கடல் நீர் ஆண்டு முழுவதும் பெரிதும் மாறாமல், லிட்டருக்கு 35 கிராம் அளவிலேயே நிற்கிறது.

நம் உழவர் கண்ட கடற்கரைக் குட்டைகளின் இரகசியமும் இதுவே. அங்கே நண்டு குட்டையில் முட்டையிட்டுப் பெருகுவதில்லை. கடலிலிருந்தோ குஞ்சுப் பொரிப்பகத்திலிருந்தோ குட்டி நண்டு கொண்டுவந்து விடப்படுகிறது. அல்லது ஓடு மாற்றிச் சதைப்பற்று இன்றி இருக்கும் நண்டை வாங்கிச் சில வாரம் தீனி கொடுத்துக் கொழுக்க வைக்கிறார்கள். சீர்காழி வட்டத்துத் தொடுவாயில், கடல் பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையத்தைச் சேர்ந்த இராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையம் களி நண்டுக் குஞ்சுப் பொரிப்பகம் அமைத்தது. 1987-இல் சென்னையில் தொடங்கப்பெற்ற மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையமும் இந்நண்டை ஆராய்ந்து வந்திருக்கிறது. இத்தகைய பொரிப்பகங்களில் கடல் நீரை வடிகட்டி, நுண்ணுயிர் நீக்கி, உவர்ப்பை லிட்டருக்கு 30 கிராமுக்குக் குறையாமல் காத்து, முட்டையில் பூஞ்சை பற்றாமல் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்கிறார்கள். அங்கேயே இளவுயிரிகளில் மிகச் சிலவே குட்டி நண்டாகத் தேறுகின்றன.

கிணற்று நீரின் கணக்கு

இனிக் கிணற்றுக்கு வருவோம். நாக்கு நல்ல அளவுகோல் அன்று. லிட்டருக்கு 2 கிராம் உப்பு இருந்தாலே நமக்குக் குடிக்கப் பிடிக்காது. குடிநீரில் கரைந்த பொருள் 0.5 கிராமுக்குள் இருத்தல் நன்று என்றும், வேறு நீரே கிடைக்காதபோது 2 கிராம் வரை பொறுக்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணய அமைவனம் வரையறுத்திருக்கிறது. கடல் நீரோ இதைப்போல் பதினேழு மடங்கு உவர்ப்பு. 'இதுவும் உப்பு, அதுவும் உப்பு' என்பது நாக்கின் தீர்ப்பே தவிர, முட்டையின் தீர்ப்பு அன்று.

அந்த உழவரின் கிணற்று நீரில் ஒரு லிட்டரை எவர்சில்வர் பாத்திரத்தில் ஊற்றிக் காய்ச்சி வற்றவிட்டோம். வெறும் பாத்திரத்தையும், வற்றிய பின் பாத்திரத்தையும் நகை செய்வோரின் தராசில் நிறுத்தோம். வேறுபாடு 4 கிராம். (யாவரும் இதை வீட்டில் செய்து பார்க்கலாம். நீர் வற்றும் தறுவாயில் தீயைக் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் உப்புத் தெறித்துக் கணக்கு கெடும்.) கடல் நீருக்குச் சமமாக்க இன்னும் 31 கிராம் வேண்டும். பத்துச் சென்ட் நிலத்தில் ஒரு மீட்டர் ஆழம் நீர் நிறுத்தினால் ஏறத்தாழ 4 இலட்சம் லிட்டர் ஆகும். அப்படியானால் வேண்டிய உப்பு 12 டன்னுக்கு மேல்! கணக்கைக் கேட்டதும் உழவர் சிரித்துவிட்டார்.

சிரிப்போடு விட்டுவிடவும் இயலாது. 'உப்பளத்து உப்பு மலிவுதானே?' என்று கேட்போரும் உண்டு. சோற்றுப்பைக் கரைத்தால் கடல் நீர் ஆகிவிடாது. ஒரு லிட்டர் கடல் நீரில் உள்ள 35 கிராமில் சோடியமும் குளோரைடும் சேர்ந்து ஏறத்தாழ 30 கிராம். எஞ்சியவற்றில் சல்பேட்டு 2.7 கிராம், மெக்னீசியம் 1.3 கிராம், கால்சியம் 0.4 கிராம், பொட்டாசியம் 0.4 கிராம் ஆகியவை முக்கியமானவை. அளவில் சிறியவையாயினும், நரம்பும் தசையும் இதயமும் இயங்க இவை இன்றியமையாதவை. நிலத்தடி உவர்நீரில் இவ்விகிதம் இருப்பதில்லை; பெரும்பாலும் பொட்டாசியம் மிகக் குறைந்திருக்கும். ஹரியானா மாநிலத்தில் கடலே காணாத உவர் நிலங்களில், நிலத்தடி நீரைக் கொண்டு இறால் வளர்க்கும் முறை பரவியிருக்கிறது. ரோத்தக் அருகிலுள்ள லாஹ்லியில் மத்திய மீன்வளக் கல்வி நிறுவனத்தின் மையம் இதற்கு வழிகாட்டியது. அங்கும் பொட்டாஷ் உரத்தைக் கணக்காக இட்டுக் குறையை நிரப்பிய பிறகே இறால் தேறியது. அவ்வாறு வளர்வதும் கடற்கரைப் பொரிப்பகத்திலிருந்து வந்த குஞ்சுதான்.

கடலுக்குத் தொலைவில் நண்டுக் கருவை வளர்த்துக் காட்டியவர்களே இல்லையா என்றால், உண்டு. சீனாவில் ஆற்று நண்டு ஒன்று, நம் களி நண்டைப்போலவே, குஞ்சு பொரிக்கக் கழிமுகத்துக்கு இறங்கும். அந்நாட்டின் அன்ஹுயி மாநிலத்தில், கடற்கரை இல்லாத உள்நாட்டில், பல உப்புகளை அளவறிந்து கலந்து செயற்கை உவர்நீர் ஆக்கி, 1970-களில் அதன் குஞ்சுகளைப் பொரிக்க வைத்தனர். ஆனால் அது ஆராய்ச்சியாளர் பல ஆண்டு முயன்று, தொட்டிகளில், நாளொரு அளவை பார்த்துச் சாதித்த காரியம். கரிசலில் வெட்டிய குட்டையில் ஒரு குடும்பம் நகையை வைத்துச் செய்யக்கூடியது அன்று.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். குட்டையில் நிறுத்திய உப்பு குட்டையோடு இராது. அது கசிந்து அடுத்த புன்செய்க்கும் அடுத்த கிணற்றுக்கும் போகும். கீழைக் கடற்கரை மாவட்டங்களில் இறால் பண்ணைகளால் நன்செய் நிலமும் குடிநீரும் உவர்ப்பானதை எதிர்த்துச் சர்வோதயத் தொண்டர் எஸ். ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் சென்றார். 1996 டிசம்பரில் வந்த தீர்ப்பு யாவரும் அறிந்ததே. ஏற்கெனவே கரிக்கும் நிலத்தில் இன்னும் உப்பைக் கொட்டுவது, பெயரனுக்கு வைக்க வேண்டிய நிலத்தை நாமே மூடுவதாகும்.

கண்மாய் நண்டு

இவ்வளவு தூரம் கடல் நண்டைப் பற்றிப் பேசினோம். நம் காலடியில் உள்ள நண்டை மறத்தல் ஆகாது. 'நண்டோட நெல்லு, நரியோட கரும்பு, வண்டியோட வாழை, தேரோட தென்னை' என்று நடவு இடைவெளிக்கு நம் முன்னோர் அளவு சொன்னபோது, முதலில் நிறுத்தியது வயல் நண்டைத்தான். வரப்பைத் துளைக்கிறது, இளநாற்றைக் கத்தரிக்கிறது என்று அதன்மேல் உழவருக்குக் கோபமும் உண்டு. சளிக்கு நண்டு ரசம் வைக்கும் வீட்டில் அதன்மேல் அன்பும் உண்டு. கூலி வேலைக் குடும்பங்களுக்கு அது காசு கொடாமல் கிடைக்கும் கறி. கண்மாய்க்கு வரும் கொக்குக்கும் நாரைக்கும் அது இரை.

கோடையில் கண்மாய் வற்றும்போது நீர் ஆவியாகிறது, உப்பு தங்கிவிடுகிறது. தை மாதத்தில் லிட்டருக்கு அரைக் கிராம் உப்பிருந்த நீர், ஆவியாகியே ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கினால், இரண்டரைக் கிராம் ஆகிவிடும். மண்ணுக்குள் கசிந்த நீர் உப்பையும் உடன் கொண்டுபோவதால், நடப்பில் இதைவிடக் குறையலாம். இந்த உவர்ப்பு வயல் நண்டின் கருவைக் கெடுக்குமா?

இங்கேதான் நாக்கு மீண்டும் நம்மை ஏமாற்றுகிறது. நன்னீர் நண்டின் இரத்தத்தில் உள்ள உப்புச் செறிவு, கடல் நீரில் ஏறத்தாழப் பாதி. இரண்டரைக் கிராம் உள்ள நீர் நமக்குக் கரித்தாலும், நண்டுக்கு அது இன்னும் நல்ல நீரே. எப்போதும் உள்ளே புக முயலும் நீரைத் தடுத்து, எப்போதும் வெளியேற முயலும் உப்பைப் பிடித்து வாழ்வதே அதன் பிறவித் தொழில். நீர் சிறிது உவர்த்தால் அத்தொழிலின் பளு சற்றுக் குறையக்கூடும். திருப்பதி ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகத்தில் 1960-களில் வயல் நண்டைப் பல அளவு உவர்நீரில் விட்டு, அதன் மூச்சுச் செலவு எவ்வாறு மாறுகிறது என்று அளந்திருக்கிறார்கள். அந்நண்டு உப்பைக் கண்டு உடனே மடியும் உயிர் அன்று. கருவைப் பொறுத்தவரை, முட்டைக்குள்ளேயே எல்லாப் பருவத்தையும் முடிக்கும் அமைப்பு, கடலை விட்டுக் கரைக்கு வந்தபோது அதன் மூதாதையருக்குக் கிடைத்த காப்பு. கடலையே வேண்டாதபடி செய்துகொண்ட கரு அது. நம் பக்கத்து நிலையைப் பார்த்தால், அதற்குப் பெரும்பகை உப்பு என்று சொல்வதற்கில்லை. வறட்சியும் வெப்பமும் பூச்சி மருந்துமே பெரும்பகை. பூச்சியும் நண்டும் கணுக்காலிகள் என்னும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை. ஒன்றைக் கொல்லும் நஞ்சு மற்றொன்றையும் கொல்லும். வரப்பு வளையில் மருந்து ஊற்றும் வழக்கம், நண்டோடு அதைத் தின்னும் பறவையையும் சேர்த்தே தாக்கும். களர் நிலத்து நீரின் கதை வேறு. அங்கே காரத்தன்மையே முதற்கேடு.

இன்னும் ஒரு பெரும்பகையும் உண்டு. அது நம் கை. களி நண்டின் குஞ்சுகள் கடலில் அலைந்து எங்கெங்கோ கரை சேரும். ஓர் ஊர்க் கடற்கரையில் குறைந்தால் வேறு கரையிலிருந்து வந்து நிரம்பலாம். வயல் நண்டுக்கு அவ்வாறு மிதந்து வரும் குஞ்சு கிடையாது. ஒரு கண்மாயின் நண்டு பெரும்பாலும் அந்தக் கண்மாயிலேயே பிறந்தது. திருச்சுழியைத் தொட்டுக் கமுதி வழியாகச் சென்று மூக்கையூர் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கும் குண்டாறும் ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கிறது; அவ்வழியே புது நண்டு வந்து குடியேறும் என்று நம்புவதற்கில்லை. சில நூறு குஞ்சைச் சுமக்கும் தாய் ஒன்றைச் சட்டியில் போட்டால், கரையின் ஒரு பகுதிக்கு அடுத்த ஆண்டின் விதையையே போட்டதாகும். அந்தத் தாயில் சதையும் அதிகம் இராது.

ஆகையால் நண்டு பிடிப்போர், பிடித்ததைப் புரட்டி மடலைப் பார்க்கும் வழக்கத்தைக் கைக்கொள்ளலாம். முட்டையோ குஞ்சோ இருந்தால் பிடித்த வளை வாயிலேயே விட்டுவிடலாம். இதற்குச் சட்டம் வேண்டியதில்லை. பிள்ளைகளுக்குச் சொன்னால் போதும், அவர்களே பெரியவர்களைத் தடுத்துவிடுவார்கள். கண்மாய் தூர்வாரும்போது எல்லா இடத்தையும் ஒரே மட்டமாக வழித்துவிடாமல், மடையை ஒட்டி ஓர் ஆழக் குழியை விட்டுவைத்தால், கோடையின் கடைசி நீர் அங்கே தங்கும். கரையின் உட்சரிவு முழுவதையும் ஒரே ஆண்டில் இடித்துப் பூசாமல், பகுதி பகுதியாகச் செப்பனிடுவதும் நன்று.

ஊராட்சிப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்க் கண்மாயில் முட்டை நண்டு முதலில் கண்ணில் படும் நாள், முட்டையின் நிறம், குஞ்சு மடலில் இருக்கும் நாள், அன்று நீரின் ஆழம் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் மாணவர் எழுதி வரட்டும். நண்டைக் கொல்ல வேண்டியதில்லை. புரட்டிப் பார்த்து எண்ணிவிட்டு விடுவதே போதும். நான்கைந்து ஆண்டுக் குறிப்பு சேர்ந்தால், எந்த மாதத்தில் நண்டு பிடிக்கக் கூடாது என்பதை ஊரார் தாமே முடிவு செய்யலாம்.

கிணற்று நீரைச் சோதிக்க விரும்புவோர், அரை மணி நேரம் இறைத்த பின், அதே நீரால் இருமுறை கழுவிய பாட்டிலில் ஒரு லிட்டர் எடுத்து, ஊர்ப் பெயரும் புல எண்ணும் எழுதி ஒட்டி, வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுக்க வேண்டும். உப்பின் அளவோடு, அது எவ்வகை உப்பு என்பதும் களர்த்தன்மை எவ்வளவு என்பதும் அங்கே தெரியவரும்.

நம் உழவர் நண்டுக் குட்டை எண்ணத்தை விட்டுவிட்டார். அதற்குப் பதிலாக, மழைநீர் வந்து சேரும் தாழ்வான மூலையில் சிறிய பண்ணைக் குட்டை வெட்டலாமா, அந்த நீரோடு கிணற்று நீரைக் கலந்து கெண்டைக் குஞ்சு விடலாமா என்று கேட்டிருக்கிறார். கட்லாவும் ரோகுவும் லிட்டருக்கு மூன்று நான்கு கிராம் உப்பைத் தாங்கும். மழைநீர் கலந்தால் கிணற்று நீரின் உவர்ப்பு பாதியாகக் குறையவும் கூடும். மீன்வளத் துறை அலுவலரை இடத்துக்கு அழைத்துக் காட்டும்படி சொன்னோம். ஐப்பசி மழையில் குட்டை நிரம்பிய பின் மறுபடியும் ஒரு லிட்டர் காய்ச்சிப் பார்ப்பதாகச் சொல்லிச் சென்றிருக்கிறார்.